கொடுத்த குவில்ட் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது: எங்கே தவறினோம்?

ஊசிக்காது (கோயம்புத்தூர்) | பிப்ரவரி 9, இரவு 9.40

மனம் பொறுக்காமல் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆறு பேர். செவ்வாய்க்கிழமைதோறும் என் வீட்டு மாடியில் கூடித் தைக்கிறோம். ஒன்பது மாதம் உழைத்து 24 குவில்ட் போர்வை முடித்தோம். ஒவ்வொன்றும் நாலரைக்கு ஆறரை அடி. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு, அடியில் காடா துணி, சுற்றிலும் ஓரப்பட்டி. பாதிக்கு மேல் நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாக அடுக்கும் 'லாக் கேபின்' வடிவம், மற்றவை நட்சத்திரம். துணி எல்லாமே புதிது, கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது. ஐப்பசியில் ஊருக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனோம். ரிப்பன் கட்டி, ஒவ்வொரு பாட்டியின் மடியிலும் வைத்து, படமும் எடுத்துக்கொண்டோம்.

நேற்று வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டிலிலும் எங்கள் குவில்ட் விரித்திருக்கவில்லை. அதே பழைய சோலாப்பூர் போர்வை, அதே நைந்த புடவை. கேட்டதற்குப் பொறுப்பாளர் அம்மாள் பீரோவைத் திறந்து காட்டினார். இருபத்தொன்று அடுக்கியிருக்கிறது, ரிப்பன்கூட அவிழ்க்கவில்லை. ஒன்று அரிசி மூட்டையின் மேல். ஒன்று சன்னலுக்குத் திரை. மிச்சமுள்ள அந்த ஒன்றை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு பாட்டி ஓரப்பட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த பஞ்சை உருவித் தலையணைக்குள் திணித்துவிட்டார். மேல்துணியையும் அடித்துணியையும் மட்டும் திரும்பத் தைத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கைத்தையல் என்னுடையதைவிட நேராக இருந்தது என்பது தனிக் கதை.

எங்கள் குழுவில் இருவர் இனி யாருக்கும் தைக்கமாட்டோம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எங்கே தவறினோம் என்று தெரியாமல் அடுத்த துணியை வெட்டக் கை வரவில்லை.

வார்டு சிஸ்டர் (திருநெல்வேலி) | பிப்ரவரி 9, இரவு 10.25

31 வருடம் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் கேட்கிறேன். அதை யார் துவைப்பார்கள் என்று நீங்கள் ஆறு பேரும் ஒரு முறையாவது பேசிக்கொண்டீர்களா?

பஞ்சு வைத்த நாலரைக்கு ஆறரை குவில்ட்டை நனைத்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு ஆள் பிழிய வேண்டும். அப்புறம் காயப்போட வேண்டும். நீங்கள் கொடுத்தது ஐப்பசி, அடைமழைக் காலம். முதியோர் இல்லத்தில் படுக்கையிலேயே சிறுநீர் கழிப்பவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். ஒரு போர்வை காய இரண்டு நாள் என்றால் அந்த இரண்டு நாளும் எதைப் போர்த்துவது? நனைந்த பஞ்சு ஒரு தடவை நாறிவிட்டால் அந்த வாடை போகாது. பொறுப்பாளர் பூட்டி வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்தது சூடு. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. வயதானவர்களுக்குக் கால் குளிரும், நெஞ்சு வேகும். கால்மாட்டில் கனமாகவும் மேலே மெல்லியதாகவும் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் உண்டு, அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. நல்லதாகத் தெரிந்தால் எடுத்து வைத்துவிடுவது நம் பெண்களுக்குப் பிறவிக் குணம். என் அம்மா புது விரிப்பை விருந்தாளிக்கு என்று நாற்பது வருடம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த விருந்தாளி வரவே இல்லை.

பொத்தான் (சென்னை) | பிப்ரவரி 9, இரவு 11.02

நான் தைப்பவன் இல்லை. மனைவி தைப்பார், நான் கணக்கு எழுதுவேன். துணி, பஞ்சு, நூல் சேர்த்து ஒன்றுக்கு 1,400 ரூபாய் வைத்தாலும் இருபத்துநான்குக்கு 33,600. அந்தப் பணத்துக்கு ஆளுக்கு இரண்டு பருத்திப் போர்வையும் இல்லத்துக்கு ஒரு வாஷிங் மெஷினும் வந்திருக்கும். ஒன்பது மாத உழைப்பைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. தானத்துக்குத் தைப்பது என்பது பெரும்பாலும் தைப்பவர் மனம் நிறையத்தான். அதில் தவறில்லை. ஆனால் அதற்குத் தானம் என்று பெயர் வைக்க வேண்டாம்.

ஊசிக்காது | பிப்ரவரி 10, காலை 6.15

1,650 ஆனது, தம்பி. நீங்கள் சொன்னதைவிட மோசம்.

வார்டு சிஸ்டர் அக்கா, கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நிறம் எது, நட்சத்திரத்துக்கு எத்தனை முனை என்று மூன்று வாரம் சண்டை போட்டோம். துவைப்பதைப் பற்றி ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

பனிமலர் (டொராண்டோ) | பிப்ரவரி 10, காலை 8.50

இங்கே நூலகத்தின் அடித்தளத்தில் கூடும் ஒரு குவில்ட் சங்கத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நான் ஒருத்திதான் தமிழ். முதல் வருடம் அவர்கள் நீட்டிய விதிமுறைத் தாள்களைப் பார்த்து, தானமாகக் கொடுக்கும் போர்வைக்கு இத்தனை நிபந்தனையா என்று சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை.

அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்பைப் பாருங்கள். மகன் ஈராக்கில் போரில் இருந்தபோது ஒரு தாய் தொடங்கியது. போரின் தாக்கம் பட்ட படைவீரர்களுக்குக் கொடுப்பார்கள். 55-க்கு 65 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 72-க்கு 90-ஐத் தாண்டக் கூடாது. தைத்தவர் பெயரோடு பின்புறம் சீட்டு தைக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் நாமே ஒரு முறை துவைக்க வேண்டும். அந்தக் கடைசி விதி தங்கம். சாயம் போகுமா, பஞ்சு உருளுமா, தையல் பிரியுமா என்பதெல்லாம் நம் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

1995-இல் கொலராடோவில் தொடங்கிய 'புராஜெக்ட் லைனஸ்' நோயுற்ற குழந்தைகளுக்குப் போர்வை கொடுக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒரு சிறுமி தன் போர்வையை விடாமல் பிடித்திருந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்து ஒரு பெண் ஆரம்பித்தார். அவர்கள் கேட்பது துவைக்கத் தக்கதாக இருக்கிறதா, குண்டூசி விட்டுப்போகவில்லையா, புகைபிடிக்கும் வீட்டிலிருந்து வருகிறதா என்பதைத்தான். அழகைப் பற்றி விதி கிடையாது.

அரிசி மூட்டைக்காக வருந்தாதீர்கள். நான் கொடுத்த ஒரு குவில்ட்டை ஒரு வீட்டில் நாய்க்கு விரித்திருந்தார்கள். நாயாவது அதில் தூங்கியது.

நீலவானம் (மதுரை) | பிப்ரவரி 10, மாலை 4.30

என்ன இருந்தாலும் குவில்ட் என்பது வெறும் போர்வை இல்லை. அமெரிக்காவில் அடிமைகள் தப்பிச் செல்ல வேலியில் குவில்ட் தொங்கவிட்டு வழிகாட்டினார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு ரகசியப் பொருள். லாக் கேபின் தொங்கினால் அது பாதுகாப்பான வீடு. அதை நினைத்தாவது அக்கா மனம் தேற வேண்டும்.

பனிமலர் | பிப்ரவரி 10, இரவு 7.12

தங்கை, அந்தக் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை. 1999-இல் வந்த ஒரு புத்தகத்தால்தான் அது பரவியது. தப்பி வந்தவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்த நினைவுகளில் குவில்ட் குறியீடு எங்கும் வரவில்லை என்று வரலாற்றாளர்கள் காட்டிவிட்டார்கள். கறுப்பினப் பெண்களின் குவில்ட் பற்றிப் பேச உண்மையான கதைகளே ஏராளம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

நீலவானம் | பிப்ரவரி 10, இரவு 7.40

அடடா. பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன் அதை வைத்து. சரி, விடுங்கள். பழைய நூல் புடவையை அடுக்கித் தைத்தால் என்ன? பஞ்சே வேண்டாம். வங்காளத்துக் கந்தா மாதிரி. செலவும் இல்லை, லேசாகவும் இருக்கும், சீக்கிரம் காயும். எல்லார் வீட்டிலும் பழந்துணி குவிந்துதானே கிடக்கிறது.

மூன்றாம் தெரு (ஈரோடு) | பிப்ரவரி 11, காலை 11.05

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு மட்டும் பதில் எழுத வேண்டும்.

என் அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கினார். தீபாவளிக்கு மறுநாள் அந்த வீடுகளிலிருந்து பை பையாகத் துணி வரும். பொத்தான் இல்லாத சட்டை, கறை படிந்த பாவாடை. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தாம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோது அந்த வீட்டுப் பெண் அடையாளம் கண்டு சிரித்தாள். அப்போது எனக்கு வயது பத்து.

உங்கள் வீட்டில் 'குவிந்து கிடக்கிற' துணியை அழகாகத் தைத்துக் கலை என்று கொடுக்கலாம். வாங்குகிறவருக்கு அது இன்னொருவர் கழித்த துணிதான். ஊசிக்காது அக்கா புதுத் துணி வாங்கித் தைத்தார் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. பஞ்சு தவறாக இருக்கலாம், அந்த நினைப்பு தவறில்லை.

வார்டு சிஸ்டர் | பிப்ரவரி 11, மதியம் 1.20

நீங்கள் சொல்வது நெஞ்சில் இறங்குகிறது, அம்மா. மறுத்துப் பேசவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன். பிறந்த குழந்தையை நம் வீடுகளில் முதலில் எதில் சுற்றுகிறோம்? தாத்தாவின் பழைய வேட்டியில். நூறு முறை துவைத்த மல் துணிபோல மெத்தென்று கடையில் எதுவும் கிடைக்காது. அங்கே பழந்துணி இழிவில்லை, ஏனென்றால் அது தாத்தாவுடையது.

குழந்தைப் பிரிவுக்குத் தைப்பவர்கள் சிலர் இங்கே இருப்பதால் இடையில் ஒரு வார்த்தை. பிரசவ வார்டுகளில் ஒட்டுத்துணிப் போர்வைகளைத் திருப்பி அனுப்புவது உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்புறத்தில் நீண்ட நூல் தொங்கினால் பச்சைக் குழந்தையின் கால் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நானே இரண்டு தடவை பூதக்கண்ணாடி வைத்து நூலை அறுத்திருக்கிறேன். ஒரு வயதுக்குள் தூங்கும் குழந்தையின்மேல் தளர்வான கனத்த போர்வை போடவே கூடாது. முகத்தை மூடிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டர்மேல் வெளிச்சம் படாமல் போடும் உறை தேவையா என்று கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் ஆவலாக வாங்கிக்கொள்வார்கள். பொத்தான், மணி, ஜரிகை எதுவும் வேண்டாம். கொதிநீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் தாங்குகிற வெளிர்நிறத் துணியாக இருக்கட்டும்.

மட்டுறுத்துநர் | பிப்ரவரி 11, மாலை 5.00

இல்லத்தின் பெயரைக் கேட்டு எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம், பேச்சு தொடரட்டும்.

ஹூப்ளி மெயில் (பெங்களூரு) | பிப்ரவரி 11, இரவு 9.15

ரயில்வேயில் இருந்த காலத்தில் ஏழு வருடம் ஹூப்ளியில் குடியிருந்தேன். எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு காட்டுப் பகுதியில் சித்திகள் என்ற மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர். தப்பி ஓடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நிலைகொண்டார்கள். 2003-இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நாம் கட்டம் கட்டமாகத் தைத்துப் பிறகு பஞ்சோடு சேர்க்கிறோம் அல்லவா? அவர்கள் ஒரு பழைய புடவையை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, துண்டுகளை மடித்து வைத்துக்கொண்டே ஓடுதையலில் சுற்றிச் சுற்றி உள்ளே வருவார்கள். கடைசித் துண்டு நடுவில் விழும். தனியாக வரைபடம் இல்லை, அளவுகோல் இல்லை. எத்தனை பேர் சேர்ந்து படுக்கப்போகிறார்கள் என்பதே அளவு. கிறித்தவ வீடுகளில் நடுவில் சிலுவை வரும், முஸ்லிம் வீடுகளில் பிறை வரும். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துத் தைப்பார்கள், அதற்குப் 'பூலா' என்று பெயர். பூ என்று பொருள். அது இல்லாத கவந்தி அம்மணமாக இருக்கிறது என்பார்களாம்.

அதே பக்கத்தில் தார்வாட், பெளகாவியில் கௌதி என்று ஒன்று உண்டு. வீட்டுக்காரர்களின் பழைய புடவையையே வாங்கித் திண்ணையில் உட்கார்ந்து அடுக்கித் தைத்துக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். என் மனைவி தன் சீமந்தப் புடவையைக் கொடுத்துத் தைத்து வாங்கினார். இருபத்தாறு வருடம் ஆகிறது, இன்னும் கிழியவில்லை. புடவையாக இருந்திருந்தால் எப்போதோ போயிருக்கும்.

கந்தா என்றதும் ஞாபகம் வருகிறது. வங்காளத்துக் கந்தாவும் நம் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' கந்தையும் ஒரே சொல்தான். வடமொழியில் கந்தா என்றால் கிழிந்த துணி. அங்கே அது நகர்ந்து நகர்ந்து சிறப்புப் பெயராகிக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. இங்கே கந்தை கந்தையாகவே இருக்கிறது.

பனிமலர் | பிப்ரவரி 12, காலை 9.30

மூன்றாம் தெருவுக்காக ஒன்று. அலபாமா மாநிலத்தில் 'ஜீஸ் பெண்ட்' என்றோர் ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைந்து போகும். அடிமைகளாகப் பருத்தி பயிரிட்டவர்களின் வழிவந்த கறுப்பின மக்கள். பண்ணை முதலாளியின் 'பெட்வே' என்ற குடும்பப் பெயர் இன்றும் ஊரில் பலருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்கள் வயலில் உழைத்துக் கிழிந்த தங்கள் காற்சட்டையையும் கணவன்மாரின் சட்டையையும் வெட்டித் தைத்தார்கள். முழங்கால் இருந்த இடம் வெளுத்து, பை இருந்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். நேர்க்கோடு வளையும், கட்டம் சாயும். அதைத் திருத்தமாட்டார்கள்.

வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரையில்தான் வாக்காளராகப் பதிவுசெய்யும் அலுவலகம். படகு திரும்ப ஓடியது 2006-இல். 44 வருடம்! அந்த நடுவில், 1966-இல், 'ஃபிரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவு சங்கத்தைக் கறுப்பினப் பெண்களே அந்த வட்டாரத்தில் நடத்தத் தொடங்கினார்கள். நியூயார்க்கில் ஏலம் விட்டார்கள், பெரிய கடைகளுக்குத் தைத்தார்கள். சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய் என்ற வரிவரியான தடித்த துணியில் தலையணை உறை தைத்த 1970-களில், மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் அவரவர் வீட்டுக் குவில்ட்டுகளில் ஏறின. அவற்றின் நிறத்தைப் பார்த்தாலே எந்தக் காலத்தவை என்று சொல்லிவிடலாம்.

2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் அஞ்சல்தலை வந்தது. புகழ் வந்தால் பணம் எங்கே போனது என்ற கேள்வியும் வரும். 2007-இல் சில பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள், அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. இதில் எனக்குப் படுவது: அதுவும் கிழிந்த துணிதான். ஆனால் அவர்கள் கிழித்த துணி. அவர்கள் முழங்கால் பட்டுத் தேய்ந்தது. உங்களுக்கு வந்த பாவாடையில் இன்னொருத்தியின் முழங்கால் இருந்தது.

மூன்றாம் தெரு | பிப்ரவரி 12, காலை 10.10

ஆமாம். அதுதான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பொத்தான் | பிப்ரவரி 12, மதியம் 12.45

எல்லாம் சரி. என் வாஷிங் மெஷினுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சாங்கி சாலை (சிங்கப்பூர்) | பிப்ரவரி 12, மதியம் 2.30

நான் சொல்கிறேன், சுற்றி வளைத்துத்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறைக்குள் அடைத்தார்கள். கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. ஒரு கனடியப் பெண் யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று, அதில் உங்களைப் பற்றி ஏதாவது பூத்தையலில் போடுங்கள், பெயரும் எழுதுங்கள், சேர்த்துப் போர்வையாக்கிக் காயமுற்ற வீரர்களுக்கு அனுப்பலாம் என்று. சிறைக்காரர்கள் இணங்க வேண்டுமே? மூன்று போர்வை தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரம். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, ஒன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு. இப்போது இரண்டு கான்பெராவின் போர் நினைவகத்திலும் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் இருக்கின்றன.

பொத்தான் ஐயா, கணக்குப்படி அவர்கள் மூன்றே மூன்று போர்வை கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சதுரத்தில் மனைவியின் பெயரைப் பார்த்தவனுக்கு அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்தது. எந்தக் கடையில் அது கிடைக்கும்?

இன்னொன்று, வார்டு சிஸ்டர் அக்காவுக்குப் பிடிக்கும். ஆஸ்திரேலியப் போர்வையின் பின்புறத்தில் அந்தப் பெண்கள் ஒரு குறிப்பும் தைத்திருக்கிறார்கள். இதை உலர்சலவை செய்வது நல்லது என்று! சிறையில் அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்களும் சலவையை மறக்கவில்லை.

வார்டு சிஸ்டர் | பிப்ரவரி 12, மதியம் 3.05

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாரோ என் வம்சம்.

பனிமலர் | பிப்ரவரி 12, இரவு 8.40

அதே கேள்விக்கு என் பதில் எய்ட்ஸ் நினைவுக் குவில்ட். 1980-களில் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸால் இறந்தவர்களைப் புதைக்கக்கூடச் சில இறுதிச்சடங்கு நிலையங்கள் மறுத்தன, சில குடும்பங்கள் உடலை வாங்க வரவில்லை. கிளீவ் ஜோன்ஸ் என்பவர் தொடங்கிய திட்டத்தில் ஒவ்வொரு இறந்தவருக்கும் மூன்றுக்கு ஆறு அடித் துணி. அது ஒரு சவக்குழியின் அளவு. 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் புல்வெளியில் முதலில் விரித்தபோது 1,920 துணிகள். இன்று ஏறத்தாழ 50,000, எடை ஐம்பது டன்னுக்கு மேல். ஒருவருக்கும் குளிருக்கு உதவாது. தையலே தெரியாத ஆண்கள் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஜீன்ஸ், கரடிப் பொம்மை, தலைமுடி எல்லாம் இருக்கும். அதைப் பராமரிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் வார்டு சிஸ்டருக்குக் காய்ச்சல் வரும்.

பொத்தான் | பிப்ரவரி 12, இரவு 9.20

ஒப்புக்கொள்கிறேன், அவை வேறு வகை. ஆனால் ஊசிக்காது அக்கா கொடுத்தது நினைவுச் சின்னம் இல்லை. போர்த்திக்கொள்ளக் கொடுத்தது. போர்த்திக்கொள்ளவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கடலோரம் (புதுச்சேரி) | பிப்ரவரி 13, காலை 7.00

குவில்ட் இல்லை, வெட்டுத்துணிக் கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லில் இருக்கும் உபாசனா என்ற ஆடை நிறுவனம் பக்கத்து மீனவக் கிராமப் பெண்களுக்கு மிஞ்சிய துணியில் விரல் அளவு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். பெண்களுக்குக் கூலி உண்டு, ஆனால் பொம்மைக்கு விலை கிடையாது. யாருக்கும் கொடுக்கலாம், விற்கக் கூடாது. எங்கள் வீட்டில் ஒன்று சாவிக்கொத்தில் தொங்குகிறது.

வீடு வாசல் போனவர்களுக்கு எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வாங்கி வாங்கிக் கை மரத்துப்போனவர்களிடம் இந்தப் பொம்மை ஊசியைக் கொடுத்தது. ஊசிக்காது அக்கா, பஞ்சைப் பிரித்த அந்தப் பாட்டியிடம் பேசினீர்களா?

ஊசிக்காது | பிப்ரவரி 13, காலை 7.35

இல்லை. கோபத்தில் திரும்பிவிட்டேன்.

ஊசிக்காது | மார்ச் 22, இரவு 10.10

போய் வந்தேன். மூன்று தடவை. கையில் எதுவும் கொண்டுபோகவில்லை, கேமராவும் எடுக்கவில்லை.

அந்தப் பாட்டியின் வீட்டுக்காரர் பொள்ளாச்சிப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தவராம். நாற்பது வருடம் மெத்தை உறை தைத்த கை. கோபமாகப் பிரித்தாரோ என்று பயந்துகொண்டு கேட்டேன். "தையல் பரவாயில்லை. பஞ்சுதான் பஞ்சே இல்லை. பிளாஸ்டிக்கைப் போர்த்தினால் உடம்பு வேகாதா?" என்றார். சன்னல் திரையும் அவர் வேலைதான். மேற்குப் பக்கம் வெயில் கொளுத்துகிறது, குவில்ட் நன்றாகத் தடுக்கிறது என்றார். திரை நன்றாகத்தான் இருக்கிறது, சொல்லப்போனால். அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

பொத்தான் தம்பி, வாஷிங் மெஷின் பற்றிக் கேட்டேன். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது! யாரோ நன்கொடையாகக் கொடுத்ததுதான். மோட்டார் போய் ஒன்றரை வருடமாகக் குளியலறை மூலையில் நிற்கிறது, அதன்மேல் வாளி கவிழ்த்திருக்கிறார்கள். புது மெஷின் வாங்கித் தர இரண்டு பேர் முன்வந்தார்களாம், பழுதுபார்க்கப் பணம் தர ஒருவரும் இல்லை. 2,300 ரூபாய் ஆனது. பழுதுபார்த்ததற்கு ரிப்பன் கட்டிப் படம் எடுக்க முடியாது அல்லவா?

பீரோவில் இருந்த இருபத்தொன்றில் பன்னிரண்டை வெளியே எடுத்திருக்கிறோம். ஓரப்பட்டியைப் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, நடுவில் ஒரு மடிப்புப் பழம் வேட்டி, கால்மாட்டில் மட்டும் இரண்டு மடிப்பு, மேலே ஓடுதையல். மெத்தைக்கடைப் பாட்டிதான் மேஸ்திரி. என் தையலை இரண்டு தடவை பிரிக்கச் சொல்லிவிட்டார். வேட்டிக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தபோது மூன்றாம் தெரு சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவரவர் பெட்டியில் இருப்பதைத் தர விருப்பமா என்று கேட்டோம். ஒருவர் மூன்று புடவை எடுத்துவந்தார். இன்னொருவர் கணவரின் லுங்கியைக் கொடுத்துவிட்டு, அது யார் போர்வைக்குள் போகிறது என்று கூடவே உட்கார்ந்து பார்த்தார். தன் போர்வையில்தான் போக வேண்டுமாம். மூன்றாமவர் கேட்டதுமே சண்டைக்கு வந்துவிட்டார். "என் புடவையை வெட்ட நீ யார்? நான் செத்த பிறகு வெட்டிக்கொள்." அவருக்குக் கடையில் காடா வாங்கி வைத்தோம். அதைத் தடவிப் பார்த்து மொரமொரப்பு என்று குறை சொன்னார், ஆனால் எடுத்துக்கொண்டார்.

எங்கள் குழுவில் அந்த இருவர் இன்னும் வரவில்லை. ஒருத்தி வரலாம்.

இப்போது ஒரு சந்தேகம். பாட்டிகளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. நாங்கள் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் போகிறோம். பெரிய காதுள்ள ஊசி வாங்கினால் பழைய துணியில் ஓட்டை விழுகிறது. என்ன செய்வது?

ஹூப்ளி மெயில் | மார்ச் 22, இரவு 10.50

காதின் மேல்பக்கம் பிளவுபட்ட ஊசி ஒன்று வருகிறது. நூலை மேலிருந்து அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பெரிய தையற்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தடித்த நூலுக்கு மட்டும் சரிப்படாது.

மூன்றாம் தெரு | மார்ச் 23, காலை 6.40

அதெல்லாம் வேண்டாம், அக்கா. பத்து ஊசியில் முன்னதாகவே நீளமாக நூல் கோத்து, ஒரு துணியில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு வாருங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்கிறேன். அடுத்த செவ்வாய் வரை வரும்.

ஊசிக்காது | மார்ச் 25, இரவு 9.05

நேற்று பத்து வைத்துவிட்டு வந்தேன். இன்று மாலையே போன் வந்துவிட்டது. இருபது வேண்டுமாம்.